மிஞ்சிய எலிகள்

வீட்டில் வளரும் பாம்புக்கு இரையாகப் பெருக்கப்படும் எலி பழுப்பு எலியின் வீட்டு வடிவம். தமிழ்நாட்டு வயல் வரப்புகளில் ‘வெள்ளெலி’ என்று பிடிக்கப்படுவது வேறு இனம். பழுப்பு எலியின் அறிவியல் பெயர் ராட்டஸ் நார்விஜிகஸ். 1769-இல் ஜான் பெர்க்கென்ஹவுட் என்ற ஆங்கிலேயர், அது நார்வே கப்பல்களில் வந்திறங்கியதாக நம்பி அந்தப் பெயரை வைத்தார். நார்வேக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதன் பூர்வீகம் வட சீனாவும் மங்கோலியாவும் சேர்ந்த சமவெளி. தவறாக வைத்த பெயர் இன்றுவரை மாறவில்லை.

இந்த எலியைப் பாம்புக்காக என்று யாரும் முதலில் பழக்கவில்லை. பந்தயக்காரர்கள் வாங்கினார்கள், எலிபிடிகாரர் பொறுக்கி எடுத்தார், சீமாட்டிகள் கூண்டில் வைத்தார்கள், விஞ்ஞானிகள் அட்டவணை போட்டார்கள். ஒவ்வொரு கையிலும் மிஞ்சியது அடுத்த கைக்குப் போயிற்று. பாம்பு வளர்ப்பவர் அந்த வரிசையில் கடைசியாக வந்து நின்றவர்.

கதையின் தொடக்கம் ஜப்பானில் என்று சொல்வதே நியாயம். எடோ காலத்தில் நிறம் மாறிய எலிகளையும் சுண்டெலிகளையும் அழகுக்காக வளர்க்கும் மோகம் அங்கே இருந்தது. 1775-இலும் 1787-இலும் அதற்கான கையேடுகளே அச்சாகின. ஆனால் இன்று உலகெங்கும் தொட்டிகளில் வளரும் எலியின் ஆவணச் சுவடு தெளிவாகத் தொடங்கும் இடம் 19-ஆம் நூற்றாண்டு லண்டன்.

1835-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் காளை, கரடி போன்றவற்றின் மீது நாயை ஏவிவிடும் ஆட்டங்களைத் தடைசெய்தது. எலிக்காகப் பரிந்து பேச யாரும் இல்லை. மதுக்கடைகளின் மாடியிலும் பின்கட்டிலும் எலிக்குழிகள் பெருகின. குழி என்பது சுமார் 6 அடி விட்டமுள்ள ஒரு வட்டம். சுற்றிலும் முழங்கை உயரத்துக்கு மரத்தடுப்பு இருக்கும். அதில் எலிகளைக் கொட்டி ஒரு டெரியர் நாயை இறக்கி, எத்தனை நிமிடத்தில் எத்தனை எலி என்று பந்தயம் கட்டுவார்கள். 1823-லேயே பில்லி என்ற நாய் ஐந்தரை நிமிடத்தில் 100 எலிகளைக் கொன்று பெயர் வாங்கியிருந்தது.

இப்படிக் கொல்வதற்கு எலி வேண்டுமே. ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் லண்டனின் ஏழைத் தொழில்களைப் பற்றித் தொகுத்த பெருநூலில் இதற்கு விடை இருக்கிறது. ஜிம்மி ஷா என்ற மதுக்கடைக்காரர் வாரத்துக்கு 300 முதல் 700 எலிவரை வாங்குவதாக அவரிடம் சொன்னார். எசெக்ஸ் பகுதியின் கிளாவெரிங் கிராமத்திலிருந்து, கூடைக்குள் பொருத்திய கம்பிக் கூண்டுகளில் எலிகள் வந்து இறங்கின. இந்தக் கொள்முதலை நம்பி இருபது குடும்பங்கள் பிழைத்தன. களஞ்சிய எலிக்குத்தான் மதிப்பு. சாக்கடை எலி கடித்தால் நாய்க்குச் சீழ் பிடிக்கும் என்று அதை ஒதுக்கினார்கள். வந்த எலிகளை ஆட்ட நாள்வரை கூண்டில் வைத்துத் தீனி போட்டுக் காத்தார்கள். எலிக்கு ஒரு விலை, ஒரு தரம், ஒரு போக்குவரத்து என்று மூன்றும் முதன்முதலாக இங்கேதான் சேர்ந்தன.

அதே நூலில் வரும் இன்னொரு மனிதர் ஜாக் பிளாக். விக்டோரியா அரசியின் எலிபிடிகாரர் என்று சொல்லிக்கொண்டவர். பச்சைக் கோட்டு, சிவப்பு உட்சட்டை, தோளின் குறுக்கே வார்ப்பு எலிகள் பதித்த ஒரு பட்டை என்று கோலாகலமாகத் தெருவில் நிற்பார். பிடித்த எலிகளில் பெரும்பாலானவை குழிக்குப் போயின. நிறம் மாறியவற்றை மட்டும் அவர் விற்காமல் எடுத்துவைத்தார். ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் பிடித்த வெள்ளை எலி ஒன்றிலிருந்து தம் வளர்ப்பைத் தொடங்கியதாக அவர் கூறினார். வெள்ளை, கறுப்பு வெள்ளை என்று பெருக்கி, அணில் கூண்டில் வைத்துக்கொள்ள விரும்பிய சீமாட்டிகளுக்கு விற்றார். கடிக்கிற எலியை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். ஆகவே நிறத்தைத் தேர்ந்தெடுத்த கை சாதுவான குணத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இன்று வளர்ப்பவர் தொட்டிக்குள் வெறுங்கையை விட முடிவதற்குக் காரணம் இப்படிப் பல தலைமுறை நடந்த சலிப்புதான்.

இந்தச் சலிப்பின் தடயம் மரபணுவில் கிடைக்கிறது. 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 117 வெள்ளை ஆய்வக எலி வகைகளைச் சோதித்தபோது, எல்லாவற்றிலும் வெண்மைக்கு ஒரே மரபணுப் பிறழ்வுதான் இருந்தது. தலையும் தோளும் மட்டும் நிறம் கொண்டு உடல் வெளுத்திருக்கும் ‘முக்காட்டு’ எலியின் மரபும் அவற்றில் ஒளிந்திருந்தது. அதாவது உலகின் ஆய்வக வெள்ளை எலிகள் யாவும், அழகுக்காக வளர்க்கப்பட்ட ஏதோ ஒரு முக்காட்டு எலியின் வழித்தோன்றல்கள்.

அழகுக்காக வளர்ப்பது இங்கிலாந்தில் முறைப்படியான சங்கமாக வளர்ந்தது. 1895-இல் சுண்டெலி வளர்ப்போர் தேசியச் சங்கம் உண்டாயிற்று. மேரி டக்ளஸ் என்ற பெண்மணி எலியையும் சேர்க்கச் சொல்லி அதைக் கேட்டு, 1901-இல் எய்ல்ஸ்பரி நகரக் கண்காட்சியில் தம் எலிக்கு முதல் பரிசும் வாங்கினார். 1912-இல் சங்கத்தின் பெயரிலேயே எலி ஏறியது. அதே 1912-இல்தான் லெஸ்டர் நகரில் பொது எலிக்குழி ஒன்று கடைசியாக நடந்து, நடத்தியவர் மீது வழக்கும் வந்தது. எலியைக் கொன்று பார்க்கும் வழக்கம் ஓய்ந்த ஆண்டும் எலியைச் சீராட்டிப் பார்க்கும் வழக்கம் சங்கப் பெயரில் ஏறிய ஆண்டும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். டக்ளஸ் 1921-இல் இறந்த பிறகு எலி மோகம் தணிந்தது. 1976-இல் தனிச் சங்கம் தோன்றும்வரை அது அடங்கியே கிடந்தது.

அமெரிக்காவில் நடந்தது வேறு கதை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரான்பி என்ற சிற்றூரில் அபி லேத்ரோப் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை கோழி வளர்த்து நட்டப்பட்டார். பிறகு 1900 வாக்கில் ஒரு ஜோடி ஆட்டச் சுண்டெலியை வாங்கி வளர்க்கத் தொடங்கினார். உட்காதில் உள்ள குறையால் வட்டம் வட்டமாகச் சுழலும் வகை அது. செல்லப்பிராணியாக விற்பதுதான் நோக்கம். ஹார்வர்டைச் சேர்ந்த வில்லியம் காசில் மரபியல் ஆய்வுக்குச் சுண்டெலி கேட்டு எழுதியதும் வியாபாரத்தின் முகம் மாறியது. உச்சத்தில் அவரிடம் 11,000-க்கு மேல் சுண்டெலிகள் இருந்தன. எலி, கினிப் பன்றி, முயல் ஆகியவையும் இருந்தன. மரப்பெட்டிகளில் வைக்கோல் போட்டு, ஓட்ஸ் தானியமும் பிஸ்கட்டும் தீனியாகக் கொடுத்தார். பெட்டி துடைக்க ஊர்ப் பிள்ளைகளுக்கு மணிக்கு 7 சென்ட் கூலி. வீட்டு முற்றத்தில் ஒரு பெண் நடத்திய இந்தத் தொழில்தான், இன்று கார் கொட்டகையில் எலி வளர்த்து விற்பவரின் நேரடி முன்னோடி. அவர் 1918-இல் இறந்தார். உலக ஆய்வகங்களில் மிகுதியாகப் பயன்படும் சி57பிஎல்/6 சுண்டெலி அவரிடமிருந்து போன கால்வழியில் வந்தது.

எலியை ஆய்வக விலங்காக நிலைநிறுத்திய இடம் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனம். 1906-இல் ஹென்றி டொனால்ட்சன் சிகாகோவிலிருந்து வெள்ளை எலிகளோடு அங்கே வந்து சேர்ந்தார். 1909 முதல் ஹெலன் டீன் கிங் உடன்பிறப்புகளையே இணைத்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, ஒரே சீரான எலியை உண்டாக்க முனைந்தார். 1915-இல் டொனால்ட்சன் எலியின் எடை, உறுப்பளவு, வளர்ச்சி எல்லாவற்றையும் அட்டவணையாக அச்சிட்டார். 1923-இல் கிரீன்மனும் டூரிங்கும் எலி வளர்ப்புக்கென்றே ஒரு கையேடு எழுதினார்கள். கூண்டின் அளவு, தீனி, துப்புரவு, கையாளும் விதம் எல்லாம் அதில் விதியாக எழுதப்பட்டன. கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஓடைக்கரையில் பிடித்த ஒரு காட்டு எலியை விஸ்டார் பெட்டைகளோடு இணைத்து ‘லாங்–எவன்ஸ்’ வகை பிறந்தது. விஸ்கான்சினில் 1925-இல் ராபர்ட் டாலி என்பவர் உண்டாக்கிய வகைக்குத் தம் மனைவியின் பிறந்தவீட்டுப் பெயரையும் சேர்த்து ‘ஸ்ப்ரேக் டாலி’ என்று பெயரிட்டார்.

எலிக்காரர்கள் இப்படி ஒருபுறம் வளர்ந்துகொண்டிருக்க, பாம்புக்காரர்களின் வரலாறு தனியாக ஓடியது. 1849-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலை உலகின் முதல் ஊர்வனக் கூடத்தைத் திறந்தது. அங்கே உயிருள்ள முயலும் பறவையும் கினிப் பன்றியும் பாம்புக்கு இரையாயின. அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது, கண்டனமும் எழுந்தது. வீட்டில் பாம்பு வைத்திருப்பது அன்று விநோதர்களின் வேலை. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பாம்பு வைத்திருந்தவர் தீனிக்குச் செல்லப்பிராணிக் கடையை நம்பினார். அல்லது ஆய்வகத்தில் கழித்த எலியைத் தெரிந்தவர் மூலம் வாங்கினார். ஆய்வு முடிந்தோ தேவைக்கு மேல் பிறந்தோ மிஞ்சிய எலிகளை விலங்குக் காட்சிசாலைக்கும் கொடுப்பார்கள். அறுப்புக்கடை இறைச்சித் துண்டு பாம்புக்கு முழுத் தீனி ஆகாது என்பதும் மெல்லப் புரிந்தது. எலும்பும் ஈரலும் குடலும் சேர்ந்த முழு எலியில்தான் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமினும் சரியான விகிதத்தில் இருக்கின்றன.

பாம்பைக் காட்டிலிருந்து பிடிப்பதற்குப் பதில் வீட்டில் குஞ்சு பொரிக்கவைக்கத் தொடங்கியதும் கணக்கே மாறிவிட்டது. 1961-இல் பெர்னார்ட் பெக்டெல் என்ற தோல் மருத்துவர், கருநிறமி இல்லாத சிவந்த சோளப் பாம்பை வளர்ப்பில் பிறப்பித்தார். பாம்பிலும் நிறத்தை ‘உண்டாக்கலாம்’ என்று அது காட்டியது. 1992-இல் பாப் கிளார்க் கருநிறமி இல்லாத பால் பைத்தானைப் பிறப்பித்தார். பந்துபோல் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்வதால் அந்தப் பெயர் பெற்ற இந்த மேற்கு ஆப்பிரிக்க மலைப்பாம்பு, கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து பெருவாரியாக ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. அதன் பிறகு அமெரிக்க வீடுகளில் பாம்பு வளர்ப்பு பொழுதுபோக்கிலிருந்து முதலீடாயிற்று. ஜாக் பிளாக் எலியிடம் செய்ததை இவர்கள் பாம்பிடம் செய்தார்கள். நூறு பாம்பு இருந்தால் வாரம் நூறு எலி வேண்டும். கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது.

ஆகவே வீட்டுக்குள் எலி வந்தது. அமெரிக்காவில் இதற்கு வாய்த்த பாத்திரம் சிமெண்டு கலக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி. வன்பொருள் கடையில் மலிவாகக் கிடைக்கும். மரச்சட்டத்தில் தொட்டிகளை அடுக்கடுக்காகச் செருகி, மேலே கம்பி வலை போட்டால் அதுவே மூடி, அதுவே தீவனத் தட்டு. ஆய்வகத்துக்கென்று அழுத்திச் செய்த தீவனக் கட்டியை வலையின் மேல் வைத்தால் எலி கீழிருந்து கொறித்துக்கொள்ளும். தண்ணீருக்குக் குழாயோடு இணைத்த சிறு வால்வு. எலி மூக்கால் முட்டினால் துளி சொட்டும். இவற்றில் எதுவும் பாம்புக்காரரின் கண்டுபிடிப்பு அல்ல. தொட்டி கொத்தனாருடையது, மற்றவை ஆய்வகத்தினுடையவை. தொட்டியின் அடியில் பரப்பும் மரச்சீவலைப் பற்றிய எச்சரிக்கையும் ஆய்வகத்திலிருந்தே வந்தது. செஞ்சீடார் மரச்சீவலில் வளர்ந்த எலிகளின் ஈரலில், மருந்தைச் சிதைக்கும் நொதிகள் கூடுகின்றன என்று 1967-இல் எலியட் வெசல் கண்டார். மருந்துச் சோதனையின் முடிவையே படுக்கை மாற்றிவிடுகிறது என்பது அவர் கவலை. வீட்டு வளர்ப்பாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, வாசனை மரத்தை விட்டு ஆஸ்பென் சீவலுக்கு மாறினார்கள்.

ஒரு தொட்டிக்கு ஓர் ஆண், மூன்று அல்லது நான்கு பெட்டை என்பது வழக்கம். சினைக்காலம் 21 முதல் 23 நாள். ஓர் ஈற்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு குட்டி. பிறக்கும்போது குட்டி ஐந்தாறு கிராம் இருக்கும். மயிரில்லாத சிவந்த தோல் வழியாக வயிற்றில் பால் வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு தெரியாத குட்டி பால் குடிக்கவில்லை என்று அர்த்தம். வளர்ப்பவர் காலையில் முதலில் பார்ப்பது அதைத்தான். இரண்டு வாரத்தில் கண் திறக்கும். மூன்று வாரத்தில் பால் மறக்கும். ஐந்தாறு வாரத்தில் இனப்பெருக்கத்துக்கே ஆயத்தமாகிவிடும். ஈன்ற ஒரே நாளில் தாய் மறுபடி சினைபிடிக்கும். ஒரே தொட்டியில் இரண்டு பெட்டைகள் ஈன்றால் குட்டிகளை ஒரே குவியலாகச் சேர்த்து மாறி மாறிப் பாலூட்டுவதும் உண்டு.

இந்த வேகத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு பாம்புக்கு வாரம் ஒன்று என்றால் ஆண்டுக்கு 52 எலி. ஒரு பெட்டை ஆண்டில் ஆறு முறை ஈன்று, ஈற்றுக்குப் பத்து என்று வைத்தாலே 60. ஆனால் ஒரு பெட்டையை மட்டும் வைத்து யாரும் வளர்ப்பதில்லை. குட்டிகள் வாரம் ஒன்றாகவும் பிறப்பதில்லை, பத்துப் பத்தாகக் குவிந்து பிறக்கின்றன. அதற்குள் எலி பாம்பின் வாய்க்கு மிஞ்சி வளர்ந்துவிடும். ஒரு பாம்புக்கு மட்டும் எலி வளர்ப்பது நடைமுறையில் முடியாத காரியம். எலி வளர்க்கும் ஒவ்வொருவரும், நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், எலி விற்பவராகிவிடுகிறார்.

நாற்றம் இன்னொரு தடை. சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அமோனியாவாக மாற்றுகின்றன. தொட்டியைத் துடைக்காமல் விட்டால் கண் எரியும். அமோனியா எலியின் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கி, மைக்கோபிளாஸ்மா என்ற நீங்காத நுரையீரல் நோயை முற்றவைக்கிறது. நோயுற்ற எலி தும்மும். கண்ணோரம் சிவப்பாகக் கசியும். இரத்தம்போல் தெரிந்தாலும் அது கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியிலிருந்து வரும் நிறமி.

உயிருள்ள எலியைப் பாம்பிடம் விடுவது தொடக்கத்தில் இயல்பாக இருந்தது. பசியில்லாத பாம்போடு இரவு முழுவதும் அடைபட்ட எலி, பாம்பைக் கொறித்து எலும்பு தெரியவைத்த நிகழ்வுகள் வளர்ப்பாளர்களிடையே நன்கு தெரிந்தவை. கொன்று கொடுப்பதே பாம்புக்கும் எலிக்கும் நல்லது என்ற கருத்து மெல்ல வலுத்தது. இங்கிலாந்தில் உயிருள்ள இரை கொடுப்பதை எந்தச் சட்டமும் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஆனால் 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், விலங்குக்குத் தேவையற்ற துன்பம் தருவதைக் குற்றமாக்குகிறது. கொல்லும் முறையையும் ஆய்வகத்திடமே கடன் வாங்கினார்கள். மூடிய பெட்டிக்குள் கார்பன் டை ஆக்சைடை மெல்ல நிரப்ப வேண்டும். சட்டென்று நிரப்பினால் எலி மூச்சுவலியில் துடிக்கும். பிறந்து சில நாளேயான குட்டிகளுக்கு ஆக்சிஜன் குறைவைத் தாங்கும் சக்தி அதிகம் என்பதால், அவை இறக்க நெடுநேரம் பிடிக்கும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் இதைத் தனியாகவே எடுத்துச் சொல்கிறது.

கொன்ற எலியை உறையவைக்கலாம் என்பதுதான் இந்தத் தொழிலைத் திருப்பிப் போட்டது. குவிந்து பிறக்கும் குட்டிகளை அந்தந்த அளவில் நிறுத்திவைக்க உறைபெட்டி வழி செய்தது. மயிர் முளைக்காதது ‘பிங்கி’, மென்மயிர் முளைத்தது ‘ஃபஸ்ஸி’, பால் மறந்தது ‘வீனர்’, அதன் பின் சிறிது, நடுத்தரம், பெரிது என்று துணிக்கடை அளவுகளைப்போல் விலைப்பட்டியல் அமைந்தது. வாங்குபவர் வெந்நீரில் உருகவைத்து, இடுக்கியால் பிடித்து லேசாக ஆட்டிக் காட்டுவார். அந்தச் சூட்டை உணர்ந்து பாம்பு கவ்வும்.

வழக்கமான வீட்டு எலியைத் தொடாத பால் பைத்தான்களும் இருந்தன. அவற்றுக்காக ஆப்பிரிக்காவின் மாஸ்டோமிஸ் எலி வந்தது. பெட்டைக்கு இருபதுக்கு மேல் முலைக்காம்புகள் இருக்கலாம் என்பதால் ‘பல முலை எலி’ என்று பெயர். பைத்தான் தன் காட்டில் தின்னும் இரையோடு நெருங்கியது அது. அதே இனம் மேற்கு ஆப்பிரிக்காவில் லாசா காய்ச்சல் நுண்மத்தின் இருப்பிடம் என்பதால், பல தலைமுறை வளர்ப்பில் இருந்த கால்வழியை மட்டுமே இதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

உறைந்த எலி நோயையும் உறையவைத்தே கொண்டு வந்தது. 2008 முதல் 2010 வரை பிரிட்டனில் 400-க்கு மேற்பட்டோருக்குப் பரவிய ஒரு சால்மோனெல்லா நோயின் மூலம், அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான உறைந்த சுண்டெலி என்று தெரியவந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் சிறுவர்கள். அதே காலத்தில் அமெரிக்காவிலும் இதே வகை நோய் பரவி, உறைந்த இரை திரும்பப் பெறப்பட்டது.

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் மட்டும் இந்தத் தொழிலுக்கே இடமில்லை. 1950 முதல் அங்கே எலி ஒழிப்பு நடக்கிறது. காட்சிசாலை, பல்கலைக்கழகம் போன்றவை தவிர வேறு யாரும் எலி வைத்திருக்கக் கூடாது. அங்கே பாம்பு வளர்ப்பவர் வெளியிலிருந்து உறைந்த எலியை வாங்கித்தான் போட வேண்டும்.

வீட்டு வளர்ப்பின் பின்னலை முழுதாக வெளிக்காட்டியது சியோல் நுண்மம். காட்டுப் பழுப்பு எலி சுமக்கும், மனிதருக்குச் சிறுநீரகக் கோளாறும் காய்ச்சலும் தரும் ஹாண்டா வகை நுண்மம் அது. 2016 டிசம்பரில் விஸ்கான்சினில் வீட்டில் எலி வளர்த்த ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தார். எலிகளின் வழியைத் தேடிப்போன அதிகாரிகள் 11 மாநிலங்களில் 31 இடங்களில் நோய்த் தொற்றைக் கண்டார்கள். வளர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் எலியை மாற்றிக்கொண்டும் விற்றும் வந்தனர். ஒரே இடத்து எலி ஒருவருக்குச் செல்லமாகவும் இன்னொருவருக்குப் பாம்புத் தீனியாகவும் போயிருந்தது. தொற்றுள்ள இடங்களில் எல்லா எலிகளையும் கொல்வது, அல்லது ஒவ்வொன்றாக இரத்தம் சோதித்துத் தொற்றியவற்றை மட்டும் கழித்து, மற்றவற்றை வெளியே விடாமல் வைத்து மறுபடி சோதிப்பது என்று இரண்டு வழிகள் வளர்ப்பவர்களுக்குக் கொடுக்கப்பட்டன.